குழல் வாசிக்கும் வன்னிப் பிள்ளை உயர்தரத்துக்குப் பின் எங்கே படிப்பது?

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் ஒவ்வொரு முறையும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் சங்கீத ஆசிரியர்களிடம் சில பெற்றோராவது வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. புல்லாங்குழலோ நாதஸ்வரமோ நன்றாக வாசிக்கிற தம் பிள்ளையை இசை படிக்க எங்கே அனுப்பலாம் என்பதே அது. வன்னிக்குள்ளேயே படிக்க வழியில்லை. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் இசைக்கு இடமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கிளிநொச்சி அறிவியல் நகரில் வைத்திருப்பவை விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் ஆகிய பீடங்கள். ஆகவே எந்த வழியைத் தெரிந்தாலும் பிள்ளை வீட்டை விட்டுப் புறப்படத்தான் வேண்டும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, தமிழ்நாடு, அல்லது ஒரு குருவின் வீடு என்பவையே பெரும்பாலும் எதிரே நிற்கும் வழிகள். இவற்றை ஒரு துளைக்கருவிக்காரப் பிள்ளையின் இடத்தில் நின்று இங்கே ஒப்பிடுகிறேன்.

துளைக்கருவி என்று பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாய்ப்பாட்டு மாணவருக்கு எந்த இசைத் துறையிலும் ஆசிரியர் இருப்பார். வயலின், வீணை, மிருதங்கம் படிப்பவருக்கும் பெரும்பாலும் இருப்பார். குழல்காரரும் நாதஸ்வரக்காரரும் எங்கள் நாட்டின் இசைத் துறைகளில் என்றுமே சிறுபான்மையினர். ஆனால் கண்ணெதிரே வாசித்துக் காட்டும் ஆசிரியர் மற்ற எவரையும் விட இவர்களுக்கே கூடுதலாகத் தேவைப்படுகிறார். எட்டு விரல் துளைகள் கொண்ட கர்நாடகக் குழலில் உதட்டைத் துளையின் விளிம்பில் எவ்வளவு படியவைப்பது, துளையைப் பாதி மூடியும் விரலை வழுக்கியும் கமகத்தை (ஸ்வரத்தை அசைத்தும் இழைத்தும் ஒலிப்பதை) எப்படி வரவழைப்பது என்பவற்றை நூலிலிருந்து கற்க முடியாது. நாதஸ்வரத்தில் இது இன்னும் கடினம். ஏழு துளைகளுக்குள் எழும் சுருதி நுட்பங்களில் பெரும் பகுதியை, வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டான சீவாளியின் மேல் உதடும் மூச்சும் கொடுக்கும் அழுத்தமே தீர்மானிக்கிறது. துத்துகாரம், தன்னகாரம், விரலடி என்று அவர்கள் சொல்லும் முறைகள் எல்லாம் அருகில் இருந்து கேட்டு, ஆசிரியரின் தாடையையும் கன்னத்தையும் பார்த்துப் பிடிக்க வேண்டியவை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் தவறாகப் படிந்த உதட்டுப் பழக்கத்தைப் பின்னால் மாற்றுவது மிகப் பெரிய வேலை. ஆதலால் என் அளவுகோலில் முதலாவது, வாரந்தோறும் என் கருவியையே வாசிக்கும் ஒருவர் என் வாசிப்பைக் கேட்பாரா என்பதுதான். கட்டடம், பட்டத்தின் பெயர், நகரத்தின் கவர்ச்சி எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

இரண்டாவது அளவுகோல் பிழைப்பு. இதைப் பேசக் கூச்சப்படத் தேவையில்லை. மீள்குடியேறிய குடும்பம் ஒன்று தன் பிள்ளையை இசை படிக்க விடுவது பெரிய துணிவு. அந்தத் துணிவுக்குப் பின்னால் அரசுப் பாடசாலையில் ஆசிரியர் நியமனம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு பெரும்பாலும் இருக்கிறது. அது நியாயமான எதிர்பார்ப்பு. வன்னியின் உட்பகுதிப் பாடசாலைகளுக்கு, அந்த மண்ணிலேயே வளர்ந்து அங்கேயே இருந்து கற்பிக்கும் சங்கீத ஆசிரியர்கள் வேண்டும்.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துப் பார்த்தால் முதலில் நிற்பது யாழ்ப்பாணத்து மருதனார்மடம். காங்கேசன்துறை வீதியில், இராமநாதன் கல்லூரியை அடுத்து 1960இல் இசைக் கல்லூரியாகத் தொடங்கி, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து இராமநாதன் நுண்கலைக் கழகம் என்ற பெயரில் பல தலைமுறை ஆசிரியர்களை உருவாக்கிய இடம் அது. தமிழ்நாட்டின் புகழ்பெற்ற பாடகர் மகாராஜபுரம் சந்தானம் அங்கே அதிபராக இருந்திருக்கிறார் என்பது அதன் தொடக்க காலத் தரத்துக்கு ஒரு சான்று. இன்று அது சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெயரைத் தாங்கிய தனிப் பீடமாக உயர்ந்திருக்கிறது. உயர்தரத்தில் கர்நாடக சங்கீதம் படித்து, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியோடு, இசைத் திறனைச் சோதிக்கும் உளச்சார்புப் பரீட்சையிலும் தேறியவருக்கு இங்கே நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பு கட்டணமின்றிக் கிடைக்கிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்து மகாபொல அல்லது பர்சரி உதவியும் உண்டு. கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாண நகரம் ஏறத்தாழ 65 கிலோமீற்றர். 2014இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய பின் வார இறுதியில் வீட்டுக்கு வந்து போவது வவுனியாப் பிள்ளைக்கும் இயலும் காரியமாகிவிட்டது.

இங்கே குறையும் உண்டு. பாடத்திட்டத்தின் முதுகெலும்பு வாய்ப்பாடு. வர்ணம், கீர்த்தனை, இசை வரலாறு, இலட்சணம் ஆகியவற்றில் பிள்ளை நன்றாகத் தேறும். ஆனால் கோயில் வீதியில் நாதஸ்வரக்காரரிடம் எதிர்பார்க்கப்படும், சுவாமி புறப்படும்போது வாசிக்கும் மல்லாரியும், இரவு முழுதும் ஒரே இராகத்தை விரிக்கும் ஆற்றலும், பூசைக்கும் புறப்பாட்டுக்கும் ஏற்ற வாசிப்பு ஒழுங்கும் எந்த வகுப்பறையிலும் முழுமையாக வந்துவிடுவதில்லை. விண்ணப்பிக்கும் முன்னர் துறையில் நேரே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த அணிக்கு என் கருவிக்கென்று நிரந்தர விரிவுரையாளரோ வருகை விரிவுரையாளரோ இருக்கிறாரா, வாரத்தில் எத்தனை மணித்தியாலம்? ஓய்வு பெறுதலும் புதிய நியமனமும் இந்த விடையை ஆண்டுக்கு ஆண்டு மாற்றும் என்பதால், மூத்த மாணவர் ஐந்து ஆண்டுக்கு முன் சொன்னதை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

இருந்தும் மருதனார்மடத்தை நான் முதலில் வைப்பதற்குப் பெரிய காரணம் அந்த வளாகத்துக்கு வெளியே இருக்கிறது. தெற்கே எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இணுவில், அதைத் தாண்டினால் கோண்டாவில், வடமேற்கே அளவெட்டி. தவிலுக்குத் தட்சிணாமூர்த்தி, நாதஸ்வரத்துக்கு அளவெட்டி என்.கே. பத்மநாதன் என்று தமிழ்நாட்டு மேடைகளும் தலைவணங்கிய கலைஞர்கள் வாழ்ந்த ஊர்ப் பரப்பு இது. இன்றும் அந்த ஊர்களில் விடியற்காலைச் சாதகம் கேட்கிறது. திருவிழாக் காலத்தில் ஒரே இரவில் பல கோயில்களில் மேளக் கச்சேரி நடக்கிறது. பகலில் பல்கலைக்கழகம், மாலையில் குருவின் வீடு, திருவிழா நாளில் அவருடைய செற்றில் (மேளக் குழுவில்) சுருதிக்கு ஒத்து ஊதியோ இரண்டாம் நாயனமாகவோ நிற்பது என்ற மூன்றும் ஒரு மிதிவண்டித் தூரத்துக்குள் அமையும் இடம் இலங்கையில் வேறெங்கும் இல்லை. பட்டப் படிப்பு விட்டுவைக்கும் இடைவெளியை இந்த அயல் நிரப்புகிறது. நாதஸ்வரம் வாசிக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருந்திய ஏற்பாட்டை என்னால் காட்ட முடியவில்லை.

மட்டக்களப்பு கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கிப் பின் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. பட்டத்தின் மதிப்பில் மருதனார்மடத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. முல்லைத்தீவின் தெற்குப் பகுதிப் பிள்ளைகள் சிலருக்குக் கிழக்கில் உறவும் இருக்கும். புல்லாங்குழல் வாசிக்கும் பிள்ளை, நாடகம், நடனம் ஆகியவற்றுக்கு இசை அமைப்பதில் விருப்பம் உள்ளதாயின், கூத்து மரபு உயிரோடிருக்கும் அந்தச் சூழலை ஒதுக்கிவிடக் கூடாது. நாதஸ்வரத்துக்கு மட்டும், மேலே சொன்ன அயல் காரணமாக, யாழ்ப்பாணத்தையே முன்னால் வைப்பேன். உளச்சார்புப் பரீட்சைகள் தனித்தனியே நடக்கக்கூடியவை என்பதால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலைக் கவனமாக வாசித்து இரண்டுக்கும் விண்ணப்பிப்பதே பாதுகாப்பு.

இசட் புள்ளி எட்டாத பிள்ளைக்குத் தேசிய கல்வியியற் கல்லூரிகளின் சங்கீத நெறி இருக்கிறது. இரண்டு ஆண்டு தங்கிப் படிப்பும் ஓராண்டு பாடசாலைப் பயிற்சியுமாக மூன்று ஆண்டில் ஆசிரியராகலாம். ஆசிரியத் தொழிலுக்கு இது நேர்வழி. கருவியில் வளர்வதற்கான வழி என்று இதைச் சொல்ல மாட்டேன். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளை ஆசிரியர் தரம் வரைக்கும் எழுதிக்கொண்டே இந்த வழியில் போகிறவர்கள் தம் கருவியை ஓரளவு காப்பாற்றிக்கொள்கிறார்கள்.

இனித் தமிழ்நாடு. பிள்ளைகளின் கண்கள் முதலில் போவது அங்கேதான், அதில் தவறும் இல்லை. புல்லாங்குழலைத் தனிக் கச்சேரிக் கருவியாக்கிய சரப சாஸ்திரி முதல், மாலி என்று எல்லோரும் அழைக்கும் டி.ஆர். மகாலிங்கம், அவருடைய மாணவர் என். ரமணி வரை குழலின் பெரிய வரிசை முழுதும் காவிரிப் படுகையிலும் சென்னையிலும் வளர்ந்ததே. நாதஸ்வரம் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. சென்னையில் 1949இல் தொடங்கிய அரசு இசைக்கல்லூரி, 1965இல் தொடங்கிய திருவையாற்றுக் கல்லூரி, மதுரை, கோயம்புத்தூர்க் கல்லூரிகள், 1929 முதல் இசை கற்பிக்கும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், இசைக்கும் கவின்கலைக்கும் என 2013இல் சட்டம் இயற்றி நிறுவிய அரசுப் பல்கலைக்கழகம் எனத் தெரிவதற்கு இடங்கள் நிறைய உள்ளன. புல்லாங்குழலும் நாதஸ்வரமும் இக்கல்லூரிகளில் தனிப் பாடங்களாகவே மதிக்கப்படுகின்றன. நாதஸ்வரம், தவில் மாணவர் ஒரே வளாகத்தில் சேர்ந்து சாதகம் செய்யும் திருவையாறு போன்ற சூழல் நாதஸ்வரப் பிள்ளைக்குப் பெரும் பேறு. வாரந்தோறும் கேட்கக் கிடைக்கும் கச்சேரிகளும், மார்கழியில் சென்னை முழுதும் நடக்கும் இசை விழாவும் எந்தப் பாடத்திட்டத்தாலும் ஈடுகட்ட முடியாதவை.

கருவிக்கும் அது தாய்வீடு. ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடையும் நரசிங்கம்பேட்டை கும்பகோணத்தை அடுத்து இருக்கிறது; அதன் கைவினைக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காவிரிக்கரையில் விளையும் நாணலில் சீவாளி செய்பவர்களும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறார்கள். நாங்கள் இங்கே யாராவது இந்தியா போய்வரும் வரை காத்திருந்து வாங்கும் சீவாளியை, அங்கே படிக்கும் பிள்ளை செய்பவரிடமே போய் ஊதிப் பார்த்துத் தெரியலாம். தானே பதப்படுத்தவும் பழகலாம். நல்ல சீவாளியைத் தெரியக் கற்பதே அந்தக் கருவியின் பாதிக் கல்வி என்பதால், இதைச் சிறு வசதி என்று எண்ணக் கூடாது.

ஆனால் தமிழ்நாட்டு வழியில் மூன்று விடயங்களை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளாத குடும்பம் பின்னர் துன்பப்படும். முதலாவது சான்றிதழின் தன்மை. இசைக்கலைமணி என்னும் பட்டயம் (டிப்ளோமா) வேறு, இளங்கலைப் பட்டம் வேறு. இலங்கையில் பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்குப் பட்டயம் போதாது. பட்டமாக இருந்தாலும் அதை வழங்கும் பல்கலைக்கழகத்தை எங்கள் மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்திருக்க வேண்டும். அந்த அங்கீகாரத்தைப் படிப்பு முடிந்த பின் தேடாமல், சேர்வதற்கு முன்னரே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. இரண்டாவது செலவு. அயல்நாட்டு மாணவருக்கான கட்டணம், விடுதி, மாணவர் வீசா எல்லாம் சேரும்போது வன்னிக் குடும்பம் ஒன்றுக்குத் தாங்காது. இந்திய அரசின் புலமைப்பரிசில் கிடைத்தால் மட்டுமே பட்டப் படிப்பை அங்கே நினைக்கலாம் என்பது என் கருத்து. யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அதற்கான விபரங்களைக் கேட்டறியலாம். மூன்றாவது, திரும்பி வந்த பின் தேவைப்படும் தொடர்புகள். நாலைந்து ஆண்டு வெளியே இருந்து வரும் நாதஸ்வரக் கலைஞருக்கு இங்கே தவில்காரரும் தெரியாது, கோயில் நிர்வாகமும் தெரியாது. வற்றாப்பளைப் பொங்கலுக்கோ புளியம்பொக்கணை நாகதம்பிரான் திருவிழாவுக்கோ யாரைக் கூப்பிடுவது என்பது பழக்கத்தில் முடிவாகும் காரியம். அந்தப் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ள மேலும் சில ஆண்டுகள் போகும்.

ஆகவே தமிழ்நாட்டை முதற் படிப்புக்குரிய இடமாகக் கொள்வதை விட, இங்கே பட்டம் முடித்த பின் முதுகலைக்கோ, ஓராண்டு இரண்டாண்டு ஒரு குருவிடம் இருந்து கற்பதற்கோ உரிய இடமாகக் கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. இருபத்துமூன்று வயதில் போகும் பிள்ளைக்குத் தனக்கு எது வராது என்று தெரிந்திருக்கும். அதை மட்டும் தேடிப் பிடிக்க முடியும். 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கிய பின், சேவை நடக்கும் காலங்களில் காவிரிப் படுகைக்குப் போய்ச் சீவாளி வாங்கி வருவதும் முன்னரைப் போல எட்டாத காரியம் அல்ல. இந்த ஒழுங்குக்கு விலக்கும் உண்டு. புல்லாங்குழலில் பதினெட்டு வயதிலேயே தனிக் கச்சேரி செய்யும் தரத்துக்கு வந்துவிட்ட, புலமைப்பரிசிலும் பெற்றுவிட்ட பிள்ளையை இங்கே தடுத்து வைக்கக் கூடாது. அந்தத் தரத்தில் உள்ள குழல்காரருக்கு இங்கே போதிய தோழமையும் போதிய மேடையும் இல்லை.

பல்கலைக்கழகமே வேண்டாம், குருவின் வீடு போதும் என்ற வழியை நாதஸ்வரக் குடும்பங்களில் இன்றும் தெரிகிறார்கள். வாசிப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் அதுவே ஆழமான வழி. திருச்சிக்கு அருகே ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானாவிடம் கற்ற காலீஷாபி, ஷேக் மஹபூப் சுபானி தம்பதியருக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது கிடைத்ததை இங்கே நினைவுகூரலாம். ஒரு குருவிடம் தங்கிப் பெறும் கல்வி எந்த உயரத்துக்குக் கொண்டுபோகும் என்பதற்கு அது போதிய சான்று. ஆனால் தகப்பன், மாமன் என்று கலை வழிவராத வீட்டுப் பிள்ளைக்கும், குறிப்பாகப் பெண்பிள்ளைக்கும், அந்த வாசல் எங்கள் ஊர்களில் இன்னமும் எளிதாகத் திறப்பதில்லை என்பதை மறைத்துப் பேசக் கூடாது. மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் போன்ற முன்னோடிகள் எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்னரே வாசித்துக் காட்டிய பின்னும் வன்னியில் ஒரு பெண்பிள்ளை நாதஸ்வரத்தைக் கையில் எடுத்தால் அயலார் ஏன் என்று கேட்கிறார்கள். உளச்சார்புப் பரீட்சைக்கு வரும் பிள்ளையிடம் பல்கலைக்கழகம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, சாதியையும் கேட்பதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே பட்டப் படிப்பின் வாசலை நான் உயர்வாக மதிக்கிறேன். உள்ளே போன பின் குருவைத் தேடிக்கொள்ளலாம். இன்ன பல்கலைக்கழகத்து மாணவி என்று சொல்லிப் போகும்போது பழைய வீடுகளும் பெரும்பாலும் மரியாதையோடு சேர்த்துக்கொள்கின்றன.

கிளாரினெட்டும் சாக்சபோனும் பழகும் பிள்ளைகளைப் பற்றி இரண்டு வரி. பாடசாலை வாத்தியக் குழுவிலோ தேவாலயத்திலோ இக்கருவிகளை எடுத்தவர்கள் கர்நாடக இசைக்குள் வர விரும்பினால், கிளாரினெட்டில் ஏ.கே.சி. நடராஜனும் சாக்சபோனில் கத்ரி கோபால்நாத்தும் வெட்டிய பாதை இருக்கிறது. மேற்கத்திய இசையிலேயே நிற்க விரும்பினால் கொழும்பில் கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் உண்டு. அங்கே சிங்களம் தெரியாமல் சமாளிப்பது கடினம் என்பதை முதலிலேயே எண்ணிக்கொள்ள வேண்டும்.

எந்த வழியைத் தெரிந்தாலும், உயர்தரப் பரீட்சைக்கும் உளச்சார்புப் பரீட்சைக்கும் இடையிலான மாதங்களில் குழல்காரப் பிள்ளை செய்ய வேண்டிய முதல் வேலை பாடக் கற்பது. கருவியில் தேர்ந்த பல பிள்ளைகள் வாயைத் திறந்து ஒரு வர்ணத்தை இரண்டு காலத்தில் தாளம் போட்டுப் பாடச் சொன்னால் தடுமாறுகிறார்கள். பரீட்சகர் அதைக் கேட்பார். பின்னாளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன் ஆசிரியராக நிற்கும்போதும் கையில் நாதஸ்வரத்தை வைத்துக்கொண்டு சரளி வரிசை சொல்லிக்கொடுக்க முடியாது. இரண்டாவது வேலை, தன் கருவியின் சுருதியில் மிருதங்கமோ தவிலோ சேர்ந்து வாசிக்கும் ஒருவரோடு வாரத்துக்கு ஒரு தடவையாவது உட்கார்வது; தனியே சாதகம் செய்த பிள்ளையின் காலப்பிரமாணம் முதற் கீர்த்தனையிலேயே தெரிந்துவிடும். மூன்றாவதாக, ஒரு நாள் ஒதுக்கி மருதனார்மடத்துக்கு நேரே போய், அங்கே படிக்கும் குழல், நாதஸ்வர மாணவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, கடந்த மாதம் ஆசிரியர் உன் வாசிப்பை எத்தனை தடவை கேட்டார் என்று விசாரிக்க வேண்டும். அவர் தரும் விடையைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பப் படிவத்தில் முதலாம், இரண்டாம் தெரிவுகளை நிரப்பலாம்.